கீச்சியல்: பொருநைக் கரையின் கார் பெடல்கள் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

சிவகளையில் ஈமத்தாழிகளுக்குள் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அன்றைக்கு ஊரெல்லாம் இரும்பின் வயதைப் பேசிற்று. இரும்போடு கூடப் பிறந்த இன்னொன்றின் வயதை எவரும் பேசவில்லை. இரும்பு இருந்த இடத்தில் உரசல் இருந்திருக்கும். உரசல் இருந்த இடத்தில் கீச்சு இருந்திருக்கும். ஆகவே பொருநை என்னும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கீச்சுக்கு வயது குறைந்தது ஐயாயிரத்து முந்நூறு என்று இக்கட்டுரை முதற்கண் நிறுவுகிறது. தோண்டிய குழிகளில் கீச்சு எதுவும் அகப்படவில்லையே என்பார் உளர். கீச்சு தாழியில் தங்கும் பொருளன்று.

இத்தனை தொன்மை இருந்தும் துறை வளரவில்லை. வள்ளுவர் வண்டியைக் கூர்ந்து கவனித்தவர். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்பதை ஒரு குறளிலும், உருளும் பெருந்தேருக்கும் ஒரு சின்ன அச்சாணிதான் ஆதாரம் என்பதை இன்னொரு குறளிலும் வைத்தார். முறிவதற்கு முன்னால் அந்த அச்சு என்ன சத்தம் போட்டது என்பதை அவர் பதிவு செய்யவில்லை. புறநானூற்றில் ஔவையார், உப்பு விற்கும் உமணர் தங்கள் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சைக் காட்டுகிறார். சங்க காலத்து ஸ்டெப்னி அது. கீச்சை அவரும் காட்டவில்லை. கால்டுவெல் திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881இல் வெளியிட்டார். கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886இல். ஐந்து வருஷம் பொறுத்திருந்தால் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் கூடியிருக்கும். 1917இல் மாவட்ட கெஜட்டியர் எழுதிய எச். ஆர். பேட்டுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. அதற்குள் மோட்டார் வண்டி மதராஸ் ராஜதானிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இருந்தும் அவர் பெடலுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கவில்லை.

இத்தனைக்கும் இந்த மாவட்டத்துக்கும் தென்னாட்டுப் பெடலுக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. 1910களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் பக்கம் பேருந்து விட்டு, மதுரையில் மோட்டார் வணிகத்தைப் பெரிதாக வளர்த்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் பிறந்தது திருக்குறுங்குடியில். அவர் பெயரிலான குழுமத்தின் உறவில் 1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. இந்தியாவில் எத்தனையோ கால்கள் மிதிக்கும் பிரேக்குக்குப் பின்னால் நம்பியாற்றங்கரைக்காரர் ஒருவர் நிற்கிறார். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு மனிதர் கிளட்ச்சை மிதித்தால் அணிற்பிள்ளை அலறுகிற மாதிரி சத்தம் வருவதும், அதை அவர் மூன்று வருஷமாகச் சகித்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்கும் டவுனுக்கும் போய் வருவதும் ஆய்வுக்குரிய நிகழ்ச்சிகள் அல்லவா?

ஆய்வின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். சக்கரத்தின் பக்கம் பிரேக் பேடு போடும் சத்தம் இதில் சேராது. அதைப் பற்றி ஒன்றே ஒன்று: அங்கே எண்ணெய் விடவே கூடாது. விட்டவருக்குச் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. இக்கட்டுரை பேசுவது உள்ளே, ஸ்டீயரிங்குக்குக் கீழே, காலும் இருட்டும் சந்திக்கும் இடத்தில் தொங்குகிற மூன்று பெடல்களை மட்டும். கியர் மாற்றும் வேலையையும் வண்டியிடமே கொடுத்துவிட்ட ஆட்டோமேட்டிக் காரர்கள், கிளட்ச் பற்றிய பகுதிகள் வரும்போது வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

முதல் கேள்வி, இந்தச் சத்தம் எந்த இசை மரபைச் சேர்ந்தது என்பது. திருநெல்வேலிக்காரர் யாரைக் கேட்டாலும் உடனே நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போவார். மணி மண்டபத்தில் நடுத்தூணையும் அதைச் சுற்றி 48 சிறு தூண்களையும் ஒரே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் நின்றசீர் நெடுமாறன் காலத்து வேலை என்பார்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். கல்லே பாடுகிற ஊரில் பெடல் பாடாதா என்று பெருமையோடு முடிப்பார். இந்த வாதம் கேட்க இனிமையாக இருக்கிறது, அடிப்படையில் தவறு. தூண் தட்டுவதால் ஒலிக்கிறது. ஒரு தட்டு வாங்கி, தன் இயல்பான அதிர்வில் அதிர்ந்து, அடங்கிப்போகிறது. பெடலை யாரும் தட்டுவதில்லை. அது உரசுவதால் ஒலிக்கிறது. இந்த வட்டாரத்தின் தனிச்சொத்தான வில்லுப்பாட்டையும் இதே காரணத்துக்காகத் தள்ளவேண்டியிருக்கிறது. வயலினும் வில்லால் வாசிப்பதுதானே என்று மயங்கக் கூடாது. வில்லுப்பாட்டில் வில்லை வீசுகோலால் அடிக்கிறார்கள். வயலினில் வில்லை இழைக்கிறார்கள். அடியும் இழையும் இருவேறு குலம்.

அப்படியானால் பெடலின் மூதாதை யார்? உறுமி. தெற்கத்திக் கொடை விழாக்களில் கேட்கும் உறுமி மேளத்துக்கு இரண்டு முகம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வரும் அந்த அடிவயிற்று முனகல்தான் நம் பெடலின் குலச் சத்தம். குச்சி தோலை ஒரு கணம் கவ்விப் பிடித்து இழுக்கிறது, இழுவிசை மிஞ்சியதும் வழுக்கி விடுபடுகிறது, மறுபடி கவ்வுகிறது. ஒரு நொடியில் இது பல நூறு தடவை நடந்தால் காதுக்கு அது ஒரே சத்தம். பெடலின் அச்சிலும் நடப்பது இதுவேதான், நொடிக்கு ஆயிரக்கணக்கில். ஆகவே உறுமி முனகுகிறது, பெடல் கீச்சிடுகிறது. நெல்லையப்பர் கோயில் மரபிலிருந்து பெடலைப் பிரித்துச் சுடலைமாடன் கோயில் மரபில் சேர்ப்பதுதான் இக்கட்டுரையின் தலையாய பங்களிப்பு. இதில் யாருக்காவது மனவருத்தம் உண்டானால் பெடலிடம் முறையிட்டுக்கொள்ளவும்.

கவ்வலும் வழுக்கலும் மாறி மாறி வருவதை 1939இல் பவுடன், லெபன் என்ற இருவர் சோதனைச்சாலையில் அளந்து காட்டினார்கள். உரசலுக்கு விதி வகுத்த அமோன்தோன் 1699இல் எழுதினார். கூலோம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை விரித்தார். ஒரு பொருளை அசைக்கத் தொடங்குவதற்கு வேண்டிய விசை, அசைந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து அசைக்க வேண்டியதைவிட அதிகம். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கீச்சின் மூலதனம். வித்தியாசத்தைக் குறைத்தால் கீச்சு திவாலாகும். மசகின் வேலை அவ்வளவுதான். எகிப்தில் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஜெஹுதிஹோதெப்பின் கல்லறை ஓவியத்தில் ஒரு பெரிய சிலையைச் சறுக்குக் கட்டையில் வைத்து ஆட்கள் இழுக்கிறார்கள். கட்டையின் முன்நுனியில் ஒருவர் நின்று மணலில் ஏதோ திரவத்தை ஊற்றுகிறார். ஈரப்படுத்திய மணலில் இழுவை பாதியாகக் குறையும் என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் 2014இல் சோதித்துச் சொன்னார்கள். இத்துறையின் முதல் மெக்கானிக் அந்த ஊற்றுகிறவர்தான். பெயர் தெரியாது. அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை. ஷெட்டில் உண்மையான வேலையைப் பார்க்கும் பையனின் பெயர் எந்த பில்லிலும் வருவதில்லை.

நம் பக்கத்து மரபும் சளைத்ததல்ல. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. மாட்டுவண்டிக்காரர் அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிட்டிருப்பார். அச்சு முனகத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சக்கரத்தை வெளியே தள்ளி, மை தடவிவிட்டுத்தான் மேலே போவார். ரசாயனமாகப் பார்த்தால் இது அபாரமான கலவை. கெட்டியான எண்ணெயும் நைசான கரியும் சேர்ந்த கிரீஸ். இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு 1909இல் தம் எஞ்சின் எண்ணெயில் விளக்கெண்ணெயைச் சேர்த்து, அதன் ஆங்கிலப் பெயரையே ஒட்டி காஸ்ட்ரால் என்று வைத்தார். நம் வண்டிக்காரர் அதற்கு வெகுகாலம் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார். பெயர் வைக்கத் தோன்றவில்லை, பங்குச் சந்தைக்கும் போகவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் அவர் இன்றைய கார்க்காரரைவிட மிக உயர்ந்தவர். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு சக்கரம், ஓர் அச்சு. வேறு எங்கிருந்து வரும்?

காரில் இது அவ்வளவு சுலபமில்லை. இங்கேதான் தொல்காப்பியரிடம் போகவேண்டியிருக்கிறது. எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் அவர் ஒலியின் பிறப்பிடங்களை வகுத்தார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்ற எட்டிடங்களில் பட்டு எழுத்தாகிறது என்பது அவர் கணக்கு. பெடலுக்கு உந்தி நம் பாதம். அங்கிருந்து எழும் அழுத்தம் எங்கெல்லாம் பட்டு ஒலியாகிறது என்று பார்த்தால் அதுவும் எட்டு வருகிறது. இது தற்செயலே. ஆனால் கையில் அகப்பட்ட தற்செயலை எந்த ஆய்வாளரும் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

முதலிடம் பெடலின் தலை. பெடல் பாதத்தின் பக்கம் அகலமாக இருப்பதால் அங்கேதான் ஏதோ நடக்கிறது என்று நினைக்கிறோம். அது தொங்குவது மேலே, டேஷ்போர்டின் உள்வயிற்றில், ஒரு போல்ட்டில். அந்தப் போல்ட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு நைலான் புஷ் இருக்கும். கம்பெனியில் வைத்த கிரீஸ் வருஷக்கணக்கில் காய்ந்து, தூசி படிந்து, புஷ் தேய்ந்தால் கீச்சு. பெரும்பாலான கீச்சுகளின் பிறப்பிடம் இதுவே. இரண்டாவது, பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங். சுருளைவிட அதன் இரண்டு கொக்கி முனைகள்தான் இரும்போடு இரும்பு உரசிக் கத்தும். மூன்றாவது, பெடலையும் பூஸ்டரிலிருந்து வரும் தண்டையும் கோக்கிற கிளெவிஸ் பின். நான்காவது பலருக்கும் தெரியாதது: பிரேக் விளக்கு சுவிட்ச். பெடலை ஒட்டி ஒரு சின்ன பிளாஸ்டிக் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். காலை எடுக்கும்போது பெடல் வந்து அதை அழுத்தும். மிதிக்கும்போது வராத கீச்சு காலை எடுக்கும்போது மட்டும் வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழவேண்டும். கிளட்ச் கேபிளின் முனை, எஞ்சின் அறைக்குள் இருக்கும் கிளட்ச் ஃபோர்க்கும் ரிலீஸ் பேரிங்கும், பூஸ்டரின் ரப்பர் உறை ஆகியவை அடுத்த மூன்று. எட்டாவது, பெடல் மேலுள்ள ரப்பரும் தரையில் கிடக்கும் மிதியடியும். கேவலமான காரணம்தான். ஆனால் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மிதியடியைத் தூக்கிப் போட்டதும் சத்தம் நின்றது என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

எட்டில் எது என்று காது சொல்லாது. பெடல் தாங்கி, எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தகட்டில் இறுக்கப்பட்டிருக்கிறது. தகடு முழுவதும் சேர்ந்து அதிர்ந்து வீணையின் குடத்து வேலையைச் செய்துவிடுகிறது. போதாததற்கு மனிதக் காது இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரையுள்ள சத்தத்துக்குத்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. கீச்சு சரியாக அங்கே வந்து உட்காருகிறது. எஞ்சின் உறுமலையும் லாரி ஹாரனையும் மறக்க முடிகிற மனிதரால் இதை மறக்க முடியாதது அவருடைய குற்றமல்ல.

இனி நிலமும் பொழுதும். திருநெல்வேலி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. கோடையில் மூடிய காருக்குள் வெக்கை ஏறி கிரீஸைக் காயவைக்கும். ஆடிக்காற்று தூசியைக் கொண்டுவந்து அதன்மேல் பூசும். கீச்சும் முல்லை, குறிஞ்சி என்று திணை பிரிக்கும் அளவுக்கு நுட்பமான விஷயம். திருச்செந்தூர் போய்க் கடலில் குளித்துவிட்டு வருகிறவர் காலோடு கொண்டுவரும் மணல், சில வண்டிகளில் தொங்காமல் தரையில் கீல் வைத்திருக்கும் ஆக்ஸிலரேட்டர் பெடலின் அடியில் போய்ச் சேரும். இது நெய்தல் கீச்சு, நரநரவென்று இருக்கும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈர ரப்பர் செருப்போடு வண்டி ஓட்டுகிறவருக்கு வருவது போலிக் கீச்சு. ரப்பர் மேல் ரப்பர் உரசுகிற சத்தம் அது. வீடு வந்து சேர்வதற்குள் காய்ந்து மறையும். சாரல் காலத்தில் ஷெட்டுக்குப் போகிறவர் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை மிதித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது வகை வேடிக்கையானதல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறின வண்டியில் பெடல் ஸ்பிரிங்கும் பின்னும் வண்டல் பூசிக்கொள்ளும். எஞ்சினையும் சீட்டையும் பார்க்கிற அவசரத்தில் பெடலின் மேல்முனையை யாரும் துடைப்பதில்லை. தண்ணீர் வடிந்து மாதங்கள் கழித்துத் துரு பேசத் தொடங்கும்.

கீச்சை எதிர்கொள்வதில் நெல்லைச் சீமையில் சில சமயப் பிரிவுகள் காணப்படுகின்றன. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வோர் ஒரு பிரிவு. இளையராஜா இருக்கும்வரை இவர்களுக்குக் குறையில்லை. வண்டியை விற்றுவிடுவோர் இன்னொரு பிரிவு. இவர்கள் கீச்சை அழிப்பதில்லை, அடுத்தவர் பெயருக்கு மாற்றுகிறார்கள். சத்தத்தைப் பயனுள்ளதாக்கிக் கொண்டவர்களும் உண்டு. கல்லிடைக்குறிச்சி மாதிரி நீண்ட தெருக்களில் வாசலில் கேட்கும் கிளட்ச் கீச்சைக் கொண்டே யார் வந்தது என்று அடுக்களைக்குத் தெரிந்துவிடும். தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடும். இந்த வீடுகளில் கீச்சைச் சரிசெய்வதற்கு முன் குடும்பத்தாரைக் கலந்துகொள்வது நல்லது.

ஆயினும் எண்ணிக்கையில் பெரியது எண்ணெய்ச் சமயம். அதற்குள் உட்பிரிவுகள். தேங்காய் எண்ணெய்க்காரர் பெரும்பான்மை; பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே அவர்கள் தத்துவம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அந்த எண்ணெய் உறையும். மார்கழி விடியலில் அம்பாசமுத்திரத்துப் பக்கம் பாட்டிலுக்குள் நடப்பதே பெடலுக்குள்ளும் நடக்கும். நல்லெண்ணெய்க்காரர் நிலைமை இன்னும் மோசம். நாள்பட்டால் அது பிசினாகித் தூசியைச் சேர்த்துப் பிடித்து, மசகாக வந்தது பசையாகத் தங்கிவிடும். விளக்கெண்ணெய்க்காரருக்கு வண்டி மையின் மரபு துணை நிற்கிறது. ஆனால் வண்டிக்காரர் மையை அடிக்கடி துடைத்துப் புதிதாகப் பூசினார். டேஷ்போர்டின் வயிற்றுக்குள் அதை யார் செய்வது? நவீனர்கள் டபிள்யூடி ஃபார்ட்டி டப்பாவோடு வருவார்கள். அது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், நீரை விரட்டித் துருவைத் தடுக்கத் தேடியதில் நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோலைக் காக்கப் பயன்பட்டது. துருவை இளக்கவும் பழைய அழுக்கைக் கழுவவும் அருமையானது. ஆனால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சும் மெல்லிய எண்ணெய் பெடலின் பளுவை நெடுநாள் தாங்காது. அடித்த அன்று கீச்சு நிற்கும். இருந்த கிரீஸையும் அது கழுவிக்கொண்டு போயிருந்தால், அடுத்த வாரம் கீச்சு முன்னைவிடத் தெம்பாகத் திரும்பும். ஏவுகணை மிதித்து மிதித்துத் திரும்ப வருகிற பொருளல்ல என்பதை நவீனர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாப் பிரிவினரும் செய்வது ஒன்றுதான்: காதுக்குக் கேட்கிற இடத்தில் ஊற்றுகிறார்கள், கீச்சு பிறக்கிற இடத்தில் அல்ல. பெடலின் கீழ்ப்பக்கம், கால் படும் இடம் முழுக்க எண்ணெய். சத்தமும் நிற்காது, செருப்பும் வழுக்கும். பிரேக்கிலிருந்து கால் வழுக்குவது எந்தச் சத்தத்தைவிடவும் கெட்டது.

ஷெட்டில் இந்த விசாரணை எப்படி நடக்கிறது என்பதைத் தச்சநல்லூர் பக்கத்து மெக்கானிக் ஒருவர் மூலம் பதிவு செய்யலாம். அவர் ஆய்வு முறைக்குப் பெயர் வைக்கவில்லை. அதனால்தான் பல்கலைக்கழகத்தில் இல்லாமல் ஷெட்டில் இருக்கிறார்.

"அண்ணாச்சி, கிளட்ச் கத்துது. கிளட்ச் பிளேட்டு போயிட்டுதோ?"

"பிளேட்டு எங்கன கத்தும்? எண்ணெய் எதுவும் ஊத்துனியளோ?"

"கொஞ்சம் தேங்கா எண்ணெ."

"தலையில தடவ வேண்டியத காலுல தடவிருக்கிய. சரி, வண்டிய ஆஃப் பண்ணுங்க. இப்பம் ஒரு மிதி மிதிங்க பாப்போம்."

"கத்துதே."

"கத்துதுல்லா. அப்பம் பேரிங் இல்ல. மேல புஷ்ஷுதான். கைய உள்ள விட்டு அந்தப் போல்ட்டத் தொட்டுக்கிட்டே பெடல அமுக்குங்க. நறநறன்னு விரலுக்குத் தெரியுதா?"

இந்தச் சில வரிகளில் துறையின் சாரம் முழுக்க அடங்கியிருக்கிறது. எஞ்சின் ஓடாதபோதும் கத்தினால் பிறப்பிடம் பெரும்பாலும் புஷ், ஸ்பிரிங், பின், கேபிள் என்று உள்ளேயே இருக்கும்; கிரீஸ் வேலை. எஞ்சின் ஓடும்போது மட்டும், அதிலும் கிளட்ச்சை மிதித்தால் மட்டும் இழுத்து அலறினால் ரிலீஸ் பேரிங். அதற்கு எந்த எண்ணெயும் போய்ச் சேராது; கியர்பாக்ஸை இறக்க வேண்டும், செலவுதான். பிரேக்கை மிதிக்கும்போது கீச்சுக்குப் பதிலாக உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் வந்து, பெடலும் கல்லாக இறுகினால் பூஸ்டர். அதை வைத்துக்கொண்டு திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறக்கூடாது. பெடல் மெதுவாகத் தரைவரை அமிழ்ந்து போனால் கட்டுரை படிப்பதை நிறுத்திவிட்டு ஷெட்டுக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவும், ஓட்டிக்கொண்டு போகவேண்டாம். விரல்தான் சிறந்த கருவி. காது தகடு முழுவதையும் கேட்கிறது. விரல் ஓர் இடத்தை மட்டும் கேட்கிறது. விரல் எட்டாத இடத்துக்கு ஒரு முழம் ரப்பர் குழாயை ஒரு நுனி காதிலும் மறு நுனி சந்தேகத்தின் மேலும் வைத்துக் கேட்கலாம். இன்னொருவர் கையால் பெடலை அழுத்தவேண்டும். இதற்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தலாம். அவர்கள் சந்தோஷமாக, தேவைக்கு மேலேயே அழுத்துவார்கள்.

இனி பெடலாசனம். யோக நூல்களில் இது இல்லை. டிரைவர் சீட்டை முடிந்தமட்டும் பின்னால் தள்ளி, முதுகு தரையிலும் தலை பெடலுக்கடியிலும் வரும்படி, கால்களை சீட்டின் முதுகுப்பக்கம் ஏற்றிப் படுக்கவேண்டும். வயிறு உள்ளவர்களுக்குக் கடினம். இருட்டுக்கடை வாசலில் மாலைதோறும் அல்வா வரிசையில் நின்றவர்களுக்கு மிகக் கடினம். செல்போன் டார்ச்சை வாயில் கவ்வக் கூடாது, பேச வேண்டியிருக்கும். மேலே மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்கவேண்டாம். முதலில் பழைய கிரீஸையும் தூசியையும் துணியால் துடைத்தெடுக்கவேண்டும். அழுக்கின் மேல் புதுக் கிரீஸ் தடவுவது அரைக்கிற கல்லுக்கு மாவு சேர்க்கிற வேலை. இரும்பும் இரும்பும் உரசுமிடத்தில், அதாவது ஸ்பிரிங் முனையிலும் கிளெவிஸ் பின்னிலும், வெள்ளை லித்தியம் கிரீஸ் ஓர் அரிசியளவு. நைலான் புஷ்ஷுக்கும் ரப்பர் உறைக்கும் சிலிகான் கிரீஸ். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்பவைக்கும். பிரேக் சம்பந்தப்பட்ட ரப்பர் எதற்கும் அது ஆகாது. புதிய வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்குக் கேபிளே கிடையாது, உள்ளே மின்னணு உணரி இருக்கும். அதற்குள் எதையும் பீச்சியடிக்க வேண்டாம். புஷ் ஆடும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மசகு பயனில்லை. புதுப் புஷ் மாற்றவேண்டும். விலை அற்பம், கழற்றும் கூலிதான் கனம். பெடலில் கால் படும் ரப்பரில் எதுவும் படாமல் பார்த்துக்கொண்டு, பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் யாரையாவது வண்டிக்குப் பின்னால் நிற்கவைத்துப் பிரேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கச் சொல்லவேண்டும். சுவிட்ச் இருக்கும் இடத்தில் தலையை விட்டு எழுந்திருப்பதால் அது நகர்ந்திருக்கலாம். எஞ்சினை ஓடவிடாமல் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தால் பெடல் இறுகும். மிதித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினால் சற்றே கீழே இறங்கவேண்டும். இறங்கினால் பூஸ்டர் நலம். பிறகு, 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தின் மேல், நெரிசல் இல்லாத அதிகாலையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பாட்டை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். கிளட்ச்சை மிதித்தால் ஒன்றும் கேட்காது. பிரேக்கை மிதித்தால் ஒன்றும் கேட்காது. அப்போது இதுவரை கீச்சின் மறைவில் இருந்த இன்னொரு சத்தம், டேஷ்போர்டின் இடப்பக்கத்திலிருந்து, டக், டக், டக் என்று வரத் தொடங்கும். அது தளர்ந்த ஒரு பிளாஸ்டிக் இன்னொரு பிளாஸ்டிக்கைத் தட்டுகிற சத்தம். உரசொலி அல்ல, அடியொலி. நெல்லையப்பர் மரபைச் சேர்ந்தது, ஆகவே இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.